ஏறிட்டேன் என்று சொன்ன குரல்

பச்சமுத்து அன்றைக்குச் செருப்போடு பாத்திக்குள் இறங்கினான்.

அவன் மனைவி பாஞ்சாலை அடுத்த பாத்தியில் பலகையால் உப்பை வாரிக் கரைக்கு ஒதுக்கிக்கொண்டிருந்தாள். பங்குனி வெயில், மேலே ஒரு சூரியனும் தண்ணீருக்குள் ஒரு சூரியனுமாகக் கண்ணைக் குத்திற்று. தூரத்தில் ஆயில் எஞ்சின் டுப் டுப்பென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே ரப்பர் அடி உப்பின்மேல் நறநறவென்று ஏறும் சத்தம் கேட்டதும் அவளுக்கு உடம்பு கூசியது. உப்பளத்தில் பிறந்த குழந்தைகூடச் செருப்பைக் கரையில் விட்டுவிட்டுத்தான் இறங்கும். சேறும் அழுக்கும் பட்டால் பாத்தி முழுக்கப் பழுப்பாகிவிடும்.

"யோவ்! செருப்பு!"

அவன் குனிந்து காலைப் பார்த்தான். வேறு யாரோ வந்து மாட்டிவிட்டுப் போன கால்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"ஏன், போடக் கூடாதா?"

விளையாடுகிறான் என்று அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கரையில் வைக்கும்படி அவள் கையைக் காட்டினாள். வைத்தான். அந்த அளத்தில் மதகைத் திறந்து மூடும் பொறுப்பு அவனுடையது. எந்தப் பாத்திக்கு எவ்வளவு தண்ணீர் என்று காலால் மிதித்தே சொல்லிவிடுவான். கம்பெனி அவனை நம்பித்தான் இந்த வருஷ உப்பை எடுத்துக்கொண்டிருந்தது.

அவனுக்கு முன்பு அந்தப் பொறுப்பு கண்ணாயிரம் மேஸ்திரியிடம் இருந்தது.

கடலை ஒட்டிய கழிவெளித் தண்ணீரை உள்ளே கொண்டுவரும் தாய் வாய்க்கால் ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். அடியில் சேறு. சேறு எடுக்க இறங்கினால் முழங்கால் வரை பிடித்துக்கொள்ளும். உள்ளே நிற்கிறவர்களை மதகின்மேல் இருந்து பார்க்க முடியாது, வெயிலில் கண் பூத்துப்போகும். அதனால் அந்த அளத்தில் ஒரு கட்டு, யாரும் மீறக் கூடாத வழக்கம், இருந்தது. ஓதத்தில் கடல் தண்ணீர் ஏறும் நேரம் மேஸ்திரி ஒரு தரம் இருமுவார், நாக்கைச் சொடுக்குவார், பிறகு குரல் கொடுப்பார்: "ஆங்... தண்ணி வருது! யாரு கீழ?" கீழே இருப்பவர்கள் கரையேறி, ஒவ்வொருவராகத் தங்கள் பேரைச் சொல்லி "ஏறிட்டேன்" என்று கத்த வேண்டும். கடைசிப் பேர் வரும்வரை மேஸ்திரியின் கை மதகுச் சக்கரத்தைத் தொடாது. கண்ணை நம்பாதே, குரலை நம்பு என்பதுதான் அவர் சொல்லிக் கொடுத்தது. அவர் காலத்தில் வாய்க்காலில் ஒரு உயிர்கூடப் போனதில்லை.

சுனாமி அலை வந்த ஞாயிற்றுக்கிழமையும் அவர் குரல் கொடுத்தார். உப்புக் காலம் இல்லை, சேறு எடுக்கத்தான் கொஞ்சம் பேர் வந்திருந்தார்கள். கடல் உள்வாங்கிப்போனதை மதகின்மேல் நின்று பார்த்தவர் அவர் ஒருவர்தான். "யாரு கீழ?" என்ற அந்தக் குரலுக்கு எல்லாரும் ஏறினார்கள், எல்லாரும் பேர் சொன்னார்கள், எல்லாரும் ரோட்டுப் பக்கம் ஓடினார்கள். அவரைப் பார்த்து "நீங்க ஏறிட்டீங்களா" என்று கேட்க அங்கே யாரும் இல்லை. அவர் உடம்பு கிடைக்கவில்லை. பச்சமுத்து நாலு நாள் சேற்றைத் துழாவிப் பார்த்தான்.

அதற்கடுத்த கோடையில் கம்பெனிக்கு உப்பே விளையவில்லை. விளைந்ததும் கசந்தது. மேனேஜர் செல்வநாதன் ஆட்களை எல்லாம் ஆபீஸ் வாசலில் கூட்டிவைத்துப் பேசினார். நல்ல மனுஷன், யாரையும் வாடா போடா என்று கூப்பிடாதவர்.

"மேஸ்திரி போனாரு. அவரோட சேந்து இந்த அளத்துல பாதி போச்சு. எந்தப் பாத்தி தண்ணி குடிக்கும், எந்தப் பாத்தி துப்பும், எல்லாம் அவரு மண்டையிலதான் இருந்துது. இனிமே எதுவும் ஒருத்தர் மண்டையில மட்டும் இருக்கக் கூடாது. கம்பெனி மண்டையில இருக்கணும்."

"கம்பெனிக்கு மண்ட எங்க சார் இருக்குது?" என்று பின்னால் இருந்து கேட்டாள் அமராவதி. கூடை சுமக்கிறவள். வாய் மட்டும் எந்தச் சுமைக்கும் ஓயாது.

எல்லாரும் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்தார். "அதத்தாம்மா இப்பக் கட்டிட்டிருக்கோம்."

ஆபீஸின் பின்பக்கம் பழைய சாக்கு ரூமுக்கு வெள்ளையடித்து, ஏசி போட்டு, கம்ப்யூட்டரும் மைக்கும் வைத்தார்கள். சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு ஒவ்வொரு ஆளாக உள்ளே போய் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்ல வேண்டும். கூனிமேட்டுப் பக்கத்தில் இருந்து சைக்கிளில் வரும் பிரிசில்லா என்ற பெண் அதைப் பதிந்து, தண்ணீர், காற்று, கருவி, ஆட்கள் என்று தனித்தனியாகப் பிரித்து வைப்பாள். சொல்லி முடித்தவர்களுக்கு வேலை பர்மனென்ட் என்றார் மேனேஜர். ஆட்கள் அதை "சொல்ற ரூம்" என்றார்கள்.

"எம் புருஷன் ஒரு நாளாச்சும் நான் சொன்னதக் கேட்டிருக்கானா? ஒரு பொட்டி குந்திக் கேக்குதுன்னா அதுக்காகவே நான் போவேன்டி" என்று சொல்லிவிட்டு முதல் ஆளாக உள்ளே போனவள் அமராவதிதான். இரண்டாவது பச்சமுத்து. பாஞ்சாலை மட்டும் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தாள். அந்த ரூமில் ஏசிக் குளிருக்குள் ஊறிப்போன சேற்று வாடை அடித்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

பிறகு வரப்போரமாகக் கம்பம் நட்டு ஒவ்வொரு மதகுக்கும் ஒரு பெட்டி மாட்டினார்கள். பொத்தானை அமுக்கி என்ன சந்தேகம் என்று கேட்டால், அதைப் பற்றி யார் சொல்லியிருக்கிறார்களோ அவர்கள் குரலிலேயே பதில் வரும். ஆபீஸில் இருந்து பிரிசில்லா எடுத்துப் போடுகிறாள் என்றார்கள். சௌகரியமாகத்தான் இருந்தது. புதிதாக வந்த ஆட்கள்கூட நல்ல உப்பு வாரினார்கள்.

செருப்போடு அவன் இறங்கிய அந்த மத்தியானம், மூலைப் பாத்திக்குத் தண்ணீர் விட வேண்டியிருந்தது. எவ்வளவு என்று பச்சமுத்துவைக் கேட்டாள். அவன் தண்ணீரில் கால் வைத்துப் பார்த்து, கொஞ்ச நேரம் நின்று, "தெரியல, பொட்டியக் கேளு" என்றான்.

அவள் கம்பத்தருகே போனாள். வேலிக்கருவை நிழல் ஒரு முழம்கூட இல்லை. பெட்டியின் வலைக்கண்களில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. காற்றில் வந்து ஒட்டுகிற தூள் மாதிரி இல்லை, உள்ளே இருந்து கசிந்து இறுகிய கட்டி. விரலால் தட்டிவிட்டுப் பொத்தானை அமுக்கினாள்.

"மூலப் பாத்திக்கு எவ்ளோ தண்ணி உடணும்?"

இரைச்சல். இரைச்சலுக்குள் எங்கோ தண்ணீர் களகளப்பது போல. பிறகு ஒரு இருமல். நாக்குச் சொடுக்கு.

"ஆங்... கணுக்கால் முட்டி நனையக் கூடாது. அதுக்குக் கீழ ரெண்டு விரல் விடு, பாஞ்சால."

அவள் கையை இழுத்துக்கொண்டாள். எஞ்சின் சத்தம் எங்கோ போய்விட்டது.

சாயங்காலம் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஆபீஸுக்குப் போனாள். பிரிசில்லா ஈரத்துணியால் கம்ப்யூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணியில் உப்பு அப்பியிருந்தது.

"தெனமும் இப்படித்தான்க்கா பூக்குது. கதவு ஜன்னல் எல்லாம் சாத்தித்தான் வெக்கிறேன்."

"அது கெடக்கட்டும். கண்ணாயிரம் மேஸ்திரி பேசினத எப்பம்மா புடிச்ச நீ?"

"அவரு யாருக்கா? அலையில போனவரா?" அந்தப் பெண் துடைப்பதை நிறுத்தினாள். "நான் வேலைக்கு வந்ததே அதுக்கு அப்புறம்தானே."

ஏசியில் இருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"எல்லாரும் அவரப் பத்திச் சொல்லியிருக்காங்க" என்றாள் பிரிசில்லா மெதுவாக. "எப்படி இருமுவாரு, எப்படிக் கூப்புடுவாரு, எதுக்குக் கோவப்படுவாரு... ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர் சொன்னதோட இது கோத்து வெக்கும். அப்படித்தான் செஞ்சிருக்காங்க. ஆனா..." கழுத்தில் கிடந்த செபமாலையைப் பிடித்துக்கொண்டாள். "நான் இப்பல்லாம் எதையும் எடுத்துப் போடறதில்லக்கா. அதுவாவே பேசிக்குது. மேனேஜர்கிட்ட சொன்னா நல்லதுதானேன்றாரு."

வீட்டில் கருவாட்டுக் குழம்பு. விளக்கு வெளிச்சத்தில் தட்டுக்கு முன்னால் பச்சமுத்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் சாப்பிடுகிற சத்தம் அவளுக்கு மனப்பாடம். விரலைச் சப்புவான், முள்ளைத் துப்புவான், இடையில் ஏதாவது குறை சொல்வான். அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சோற்றைப் பிசைந்த பிறகு அவன் பிசைந்தான். அவள் வாயில் வைத்த பிறகு அவன் வைத்தான். அவள் கையை நிறுத்தினாள். அவன் கையும் நின்றது.

"அந்த ரூம்ல இன்னா சொல்ற நீ?"

"தண்ணி முடிஞ்சுது. காத்து முடிஞ்சுது. இப்ப ஆளுங்கள கேக்குது."

"கேக்குதா? அந்தப் பொண்ணு கேக்குதா?"

அவன் யோசித்தான். "பொண்ணு இல்ல."

"என்னப் பத்தியும் சொன்னியா?"

"ஆரம்பிச்சிருக்கேன். கால்ல வெடிப்பு இருக்குதே, கண்ணாடி குத்தினது, அத சொன்னேன்." கொஞ்ச நேரம் கழித்து, "எந்தக் கால்னு சொன்னேன்?" என்று அவளையே கேட்டான்.

அவள் புடவைக்குள் காலை இழுத்துக்கொண்டாள்.

"சொல்லும்போது நல்லாருக்குது, பாஞ்சால" என்றான் அவன். "தலையில இருந்து கூடய எறக்கி வெக்கிற மாதிரி."

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவள் அப்பன், ஆத்தாள் போய்ச் சேர்ந்தாயிற்று. அறிவொளி வகுப்பில் நடு வயதில் எழுத்துக் கற்றுக்கொண்ட நாளில், முதன்முதலாகத் தன் பேரைக் கால் கட்டைவிரலால் ஈரப் பாத்தியில் அவள் எழுதினதும், விடிந்து பார்த்தால் அந்த எழுத்தின்மேல் உப்புப் பூத்து நின்றதும், அதை யாரும் வாரிவிடாதபடி அவன் குறுக்கே நின்றதும் இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். கலங்கல் தண்ணீரைக் கண்டால் அவளுக்கு இன்னமும் நெஞ்சு அடைக்கும் என்பதும் அவனுக்கு மட்டும்தான் தெரியும். அவள் பாஞ்சாலை என்பதற்குச் சாட்சி அவன் ஒருவன். அவனும் அவளைச் சொல்லி இறக்கி வைத்துவிட்டால்?

"நாளைக்கு நீ போவக் கூடாது. பர்மனென்ட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். சத்தியம் பண்ணு."

அவன் எச்சில் படாத கையை அவள் உச்சந்தலையில் வைத்தான். "உம்மேல சத்தியம்."

படுத்த பிறகு அவள் இருட்டில் தன் இடது காலைத் தடவினாள். சேற்றில் கண்ணாடி குத்திப் பிளந்து, எந்தக் களிம்புக்கும் மூடாமல் இத்தனை காலம் அவளோடு வந்த வெடிப்பு. விரல் முன்னும் பின்னும் போயிற்று. குதிகால் வழவழவென்று இருந்தது.

வலது காலையும் பார்த்தாள்.

மறுநாள் அவனைத் தன் கண்ணெதிரிலேயே வைத்துக்கொண்டாள். வரப்பில் அவள் முன்னால் நடக்க, அவள் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து அவன் வந்தான். மத்தியானம் கஞ்சி குடிக்கும்போதும் பக்கத்தில் உட்கார வைத்தாள். சாப்பாட்டு நேரம் முடிந்தது. வெயில் தாழும்வரை சொல்ற ரூமுக்குக் கூப்பிட யாரும் வரவில்லை. அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அவனுக்குப் பலகையைக் கையில் கொடுத்து எப்படி இழுக்க வேண்டும் என்று காட்டிவிட்டு, தானும் ஒரு கூடை உப்பை எடுத்துக்கொண்டு, உப்பைக் குவிக்கும் அம்பாரத்துக்குப் போய்க் கூடைக்காரர் வரிசையில் வெகு நேரம் நின்றாள்.

அம்பாரத்தின்மேல் சாய்த்துப் போட்டிருந்த பலகையின் உச்சியில் அமராவதி நின்றுகொண்டிருந்தாள். தலையில் உப்புக் கூடை. கூடையில் இருந்து வடிந்த தண்ணீர் நெற்றி, கண், வாய் என்று இறங்கி அவள் முகவாயில் சொட்டியது. கண் எரிந்திருக்க வேண்டும். அவள் இமைக்கவில்லை.

"கொட்டிட்டு நகருடி, பின்னால நான் நிக்கிறேன்."

"எப்படிக் கொட்டறது?" என்றாள் அமராவதி.

அம்பாரத்தின் அடியில் இருந்த பெட்டி தானாகக் கரகரத்தது. பொத்தான் அருகே யாரும் இல்லை. "கழுத்த லேசா எடப்பக்கம் சாச்சி, கைய உடு, அதுவாக் கொட்டிக்கும்." அமராவதியின் குரல். அவளுடைய அந்த இழுப்பு, அந்தக் கொழுப்பு. "இதுக்கு என்னா படிப்பா படிக்கணும், கம்பெனிக்கு மண்ட இருந்தா அதுவே கொட்டிட்டுப் போவுது!" பிறகு அவளுடைய சிரிப்பு, கெக்கெக்கென்று, மூச்சு வாங்கி, மறுபடியும்.

பலகையின் மேல் நின்றவள் கழுத்தை இடப்பக்கம் சாய்த்தாள். கையை விட்டாள். உப்பு கொட்டியது. அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. பெட்டிதான் சிரித்துக்கொண்டிருந்தது.

பாஞ்சாலை கூடையைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

பாத்தியில் அவனுக்குக் கொடுத்த பலகை மட்டும் மிதந்தது.

கரையில் செருப்பு இல்லை.

அவள் ஓடினாள். வரப்பு வழுக்கிற்று. வெயில் மேற்கே சாய்ந்து, பாத்திகள் எல்லாம் ஒரே நேரத்தில் சிவந்து கிடந்தன. எஞ்சின் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. உப்பு கட்டுகிற சத்தம் மட்டும், பொடுக் பொடுக்கென்று, எல்லாப் பக்கமும்.

முதல் கம்பத்தைத் தாண்டும்போது பெட்டி இருமியது.

"ஆங்... தாய் வாய்க்கால்ல சேறு நிக்குது. எறங்குங்க."

அடுத்த பெட்டியும். அதற்கடுத்ததும். அதே இருமல், ஒன்றன்பின் ஒன்றாக, கழிவெளி வரை போயிற்று. பாத்திகளில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். கூடை போட்டது போட்டபடி. பலகை போட்டது போட்டபடி. வரிசையாக நடந்தார்கள். பக்கத்துப் பாத்திப் பஞ்சநாதன் அவளை உரசிக்கொண்டு போனான். அவளைப் பார்க்கவே இல்லை.

ஆபீஸ் படியில் பிரிசில்லா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவரு எங்கம்மா?"

"நான் தடுத்தேன்க்கா. உங்க பேரச் சொல்லித் தடுத்தேன். அது யாருன்னு கேக்கறாரு." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "சொல்லி முடிச்சிட்டாரு. மிச்சம் இல்லன்னு சொல்லிட்டு எறங்கிப் போயிட்டாரு. நீங்களும் வந்துடுங்கக்கா. வாங்க, பின்னால குந்துங்க, போயிடலாம்."

பாஞ்சாலை அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

குளிர். சேற்று வாடை. தரை முழுக்க வெள்ளை. கால் வைத்தால் நறநறத்தது. நாற்காலி காலியாக இருந்தது. அதன் அடியில் அவனுடைய செருப்பு, ஜோடியாக. பக்கத்து ரூமில் மேனேஜர் செல்வநாதன் பெட்டி முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். பையை மடியில் வைத்திருந்தார். "வீட்டுக்கு எந்தப் பக்கம் போவணும்?" என்று பணிவாகக் கேட்டார். பதிலுக்குக் காத்திருந்தார். மறுபடியும் கேட்டார்.

சொல்ற ரூமில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு பொம்பளைக் குரல். தாழ்ந்த குரல். எங்கோ கேட்ட குரல்.

"கலங்கல் தண்ணின்னா எனக்கு நெஞ்ச அடைக்கும். சின்ன வயசுல இருந்தே. யார்கிட்டயும் சொன்னதில்ல, அவருகிட்ட மட்டும்தான்."

பாஞ்சாலை தன் வாயைப் பொத்திக்கொண்டாள். வாய் மூடித்தான் இருந்தது.

"கால் விரலால எம் பேர எழுதினேன். ஈரப் பாத்தியில. மொதல்ல..."

அவள் மைக்கைப் பிடுங்கித் தரையில் அடித்தாள். வயரை இழுத்தாள். கம்ப்யூட்டரின் விளக்கு அணைந்தது. குரல் நிற்கவில்லை. வெளியே கம்பங்களில் இருந்து வந்துகொண்டிருந்தது. அளம் முழுக்க. விடிந்து பார்த்தபோது எழுத்தின்மேல் உப்புப் பூத்திருந்ததாம். அவன் குறுக்கே நின்றானாம். அவள் கேட்டாள். யாரோ ஒருத்தியின் கதை மாதிரி இருந்தது. நன்றாகத்தான் இருந்தது.

ஜன்னல் வழியாகத் தாய் வாய்க்கால் தெரிந்தது. ஒவ்வொரு தலையாகக் கரைக்குக் கீழே இறங்கி மறைந்துகொண்டிருந்தது. கடைசித் தலையில் பச்சைத் துண்டு. பச்சமுத்துவின் துண்டு.

அது மட்டும் தெரிந்தது. அவன் அவளுடையவன். அதை அவன் சொல்லியிருக்க மாட்டான். அது அவளுக்குள் இருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லையே யாரிடமும்.

ஓடிப் போய்ச் சரிவில் சறுக்கி இறங்கினாள். சேறு முழங்காலைப் பிடித்தது. கலங்கல் தண்ணீர். நெஞ்சு அடைக்கும் என்று நினைத்தாள். அடைக்கவில்லை. உள்ளே அந்தப் பயம் இருந்த இடம் வழவழவென்று இருந்தது.

வாய்க்கால் நெடுக நின்றார்கள். அமராவதி. பஞ்சநாதன். முப்பது, நாற்பது பேர். மண்வெட்டி யார் கையிலும் இல்லை. எல்லா முகமும் மேலே, கம்பத்துப் பெட்டியைப் பார்த்து. அவள் ஆட்களை விலக்கிக்கொண்டு போய்ப் பச்சமுத்துவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"யோவ், ஏறு! ஓதம் ஏறுற நேரம்யா! ஏறு!"

அவன் திரும்பினான். மரியாதையாக ஒதுங்கி அவளுக்கு இடம் விட்டான்.

"யாருங்கம்மா நீங்க? யாரத் தேடறீங்க?"

மேலே இருமல். நாக்குச் சொடுக்கு.

"ஆங்... தண்ணி வருது! யாரு கீழ?"

யாரும் அசையவில்லை. யாரும் வாயைத் திறக்கவில்லை.

"அமராவதி, ஏறிட்டேன்!" என்றது பெட்டி.

"பஞ்சநாதன், ஏறிட்டேன்!"

ஒவ்வொரு குரலாக. அவரவர் குரலில். அவரவர் இழுப்பில். கரையேறி வந்தவர்களுக்கு வாங்குகிற மூச்சுகூட இருந்தது.

"பச்சமுத்து, ஏறிட்டேன்!"

மதகின்மேல் அசோகன் நின்றான். போன மாசம்தான் அவனைப் பச்சமுத்துவுக்கு உதவியாகச் சக்கரத்துக்குப் போட்டார்கள். கை இரண்டும் சக்கரத்தில். இந்த இடத்தில் இருந்து அவன் கால் விரல்கூடத் தெரிந்தது. பாஞ்சாலை இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள்.

"அசோகா! தொறக்காத! நாங்க கீழதான் இருக்கோம்! பாருடா, பாரு!"

அசோகன் குனிந்தான். பார்த்தான். நன்றாகவே பார்த்தான். பிறகு நிமிர்ந்து பெட்டியைப் பார்த்தான். கண்ணை நம்பாதே என்றுதான் அவனுக்கும் பெட்டி சொல்லிக் கொடுத்திருந்தது.

"ஒரு கொரல் கொறையுது" என்றது மேஸ்திரியின் குரல். பொறுமையாக. அன்பாக. அவர் எப்போதும் கடைசி ஆளுக்காகக் காத்திருப்பவர். "யாரு அது, கீழ நிக்கிறது? பேரச் சொல்லு."

சொன்னால் போதும். பேரைச் சொல்லி, ஏறவில்லை என்று ஒரு வார்த்தை. சக்கரம் அசையாது. அது கட்டு.

அவள் மூச்சை இழுத்தாள். வாயைத் திறந்தாள்.

நாக்கு மேலண்ணத்தைத் தேடியது. உதடு சேரப் பார்த்தது. எந்த எழுத்துக்கு என்று தெரியாமல் பிரிந்தது.

"நான்..." என்றாள். "நான்..."

"பேரு?"

சேற்றுக்குள் அவள் கட்டைவிரல் தானாக அசைந்தது. நேராக ஒரு கோடு இழுத்தது. நின்றது. அடுத்து எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை.

பெட்டி கரகரத்தது.

"பாஞ்சாலை, ஏறிட்டேன்!"

தெளிந்த குரல். பச்சமுத்துவின் முகம் மலர்ந்தது. பெட்டியைப் பார்த்துச் சிரித்தான், ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, அவளைத் தவிர வேறு யாருக்கும் காட்டாத அந்தச் சிரிப்பு.

"எம் பொஞ்சாதிங்க" என்றான், பக்கத்தில் நின்றவளிடம். "ஏறிட்டா."

"ஆங்" என்றது மேஸ்திரியின் குரல். "எல்லாரும் ஏறிட்டாங்க."

அசோகன் சக்கரத்தைச் சுற்றினான்.